இருபது என்று சொல்லிவிட்டேன்

இருபது என்றுதான் சொன்னேன், சொன்னது நான்தான், வேறு யாரும் என் வாயில் அதைத் திணிக்கவில்லை. நேற்று சாயங்காலம் அந்தச் சின்ன டாக்டர், இளம்பரிதி, கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்று, பேனா மூடியைப் பல்லால் கடித்துக் கழற்றி, "ஐயா, மிஷின் வச்ச பிறகு வலி எத்தனை சதவீதம் குறைஞ்சிருக்கு?" என்று கேட்டார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, பேனாவைத்தான் பார்த்தேன். பேனாவோடு ஒருவர் எதிரே நின்று திருப்தியா, எவ்வளவு திருப்தி என்று கேட்டால் என்ன பதில் சொல்வது என்று நான் யோசிப்பதே இல்லை, அது மூச்சு மாதிரி தானாக வரும். திருவொற்றியூர் வார்ப்பட ஆலையில் முப்பது வருஷம் பேச்சுவார்த்தை மேசையின் இந்தப் பக்கம் உட்கார்ந்தவன் நான். கொடுத்துவிட்டு, போதுமா என்று கேட்பார்கள். போதும் என்று சொன்ன சங்கம் அன்றோடு செத்தது. கிடைத்ததைப் பாதியாக்கிச் சொல், பாதியையும் பாதியாக்கிச் சொல், மிச்சத்துக்கு மறுபடி உட்காரலாம். இதை எனக்கு யாரும் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரவில்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. மாநாட்டுப் பந்தல் வாசலில் தார்ப்பாய் விரித்து விற்ற சின்னச் சின்னப் புத்தகங்கள்தான் என் கல்லூரி. கூலி என்றால் என்ன, உபரி என்றால் என்ன, அரசு யாருடையது, எல்லாம் அதில் இருந்தது. முதுகுத்தண்டுக்குள் ஒயர் வைத்துவிட்டு ஒருவர் எத்தனை சதவீதம் என்று கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று அதில் எதிலும் போடவில்லை. இருபது என்றேன். அவரும் எழுதிக்கொண்டு போய்விட்டார். எதிர்வாதம் இல்லை, இன்னும் கொஞ்சம் ஏற்றிச் சொல்லுங்களேன் என்ற கெஞ்சல் இல்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். எழுதிக்கொண்டு சும்மா போகிற நிர்வாகத்தை நான் வாழ்நாளில் பார்த்ததில்லை.

இன்று காலை சிஸ்டர் ஜெசிந்தா கட்டு மாற்றும் தட்டோடு வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. "டாக்டர் நூர்ஜஹான் மேடம் ரவுண்ட்ஸ் வரட்டும், உங்க ஒயரை எடுத்துடுவாங்க, வீட்டுக்குப் போயிடலாம்" என்றாள், நல்ல செய்தி சொல்கிற குரலில். ஏன் எடுக்க வேண்டும் என்றேன். "பாதிக்குப் பாதியாவது குறையணும் ஐயா. அம்பதுக்குக் கீழன்னா உள்ள வைக்கறது வேஸ்டுன்னு எடுத்துடுவாங்க. உங்களுக்கு இருபதுதானே?" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். நல்லா குறைந்தால் நிரந்தரமாக வைப்போம் என்றுதான் முன்பு சொன்னார்கள். நல்லா என்பதற்கு ஓர் எண் இருக்கிறது என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஊர் உலகத்துக்கெல்லாம் ஒப்பந்தத்தில் எண் எங்கே, எண்ணைக் காட்டு என்று கத்தினவன், என் முதுகுக்கு வந்தபோது கேட்கவில்லை. முதுகெலும்பின் நடுவில் ஊசி நுழைத்து, தண்டுவடத்துக்குப் பக்கத்தில் இரண்டு மெல்லிய ஒயரை விட்டிருக்கிறார்கள். அதன் வால் முதுகிலிருந்து வெளியே வந்து, பிளாஸ்திரிக்கு அடியில் ஓடி, இடுப்புப் பட்டையில் இருக்கிற சோப்புப் பெட்டி அளவு மிஷினில் முடிகிறது. அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் போகிறது, காலிலிருந்து மூளைக்குப் போகிற வலியை அது வழியிலேயே மறிக்கிறது. இது ஒத்திகை. ஒத்திகை பலித்தால் பேட்டரியோடு சின்ன மிஷினைத் தோலுக்கு அடியிலேயே வைத்துத் தைத்துவிடுவார்கள், வருஷக்கணக்கில் ஓடும். பலிக்கவில்லை என்றால் ஒயரை உருவிவிடுவார்கள். உருவுவதற்கு மயக்க மருந்துகூட வேண்டாமாம், பிளாஸ்திரியைப் பிரித்து இழுத்தால் வந்துவிடுமாம். ஒரு மனுஷன் மனுஷனாக இருப்பது அவ்வளவு லேசாக உருவக்கூடிய ஒயரில் இருக்கிறது.

இந்த வலி போலீஸ்காரன் தடியால் வந்தது என்றால்கூட எனக்கு ஒரு மரியாதை இருந்திருக்கும். மூன்று முறை அடி வாங்கியிருக்கிறேன், ஒருமுறை கை ஒடிந்தது, எல்லாம் ஒழுங்காகச் சேர்ந்துகொண்டன. இது கேஸ் சிலிண்டரை அடுப்பங்கரைக்கு உருட்டிக்கொண்டு போனபோது பிடித்தது. முதுகெலும்பில் தட்டு விலகிவிட்டது என்று கத்தி வைத்தார்கள். தட்டு சரியானது, நரம்பு சரியாகவில்லை. இடுப்பின் இடது பக்கத்தில் ஆரம்பித்து, தொடையின் பின்புறம் இறங்கி, ஆடுசதை வழியாகக் கால் பெருவிரல் வரை. உலையில் வேலை பார்த்த காலத்தில் ஒருமுறை உருகிய இரும்பு தெறித்து என் செருப்புக்குள் விழுந்தது. உதறிய உதறலில் செருப்பு எங்கோ போய் விழுந்தது, இரும்பு ஆறிவிட்டது, புண்ணும் ஆறிவிட்டது. இந்த இரும்பு ஆறவில்லை. எதை உதறுவது, காலையேதான் உதற வேண்டும். வேட்டியின் ஓரம் பட்டால் எரியும், மின்விசிறிக் காற்று பட்டால் எரியும், வாலண்டினா அன்பாகக் கை வைத்தால் நாயே என்று கத்தியிருக்கிறேன், பெற்ற மகளை. மாத்திரை கொடுத்தார்கள், நரம்புக்கு ஒன்று, மனசுக்கு ஒன்று, அதன் பலன், வாயில் சோற்றோடு தூங்கிவிழுவேன், எழும்போது வலி எனக்கு முன்பே எழுந்து உட்கார்ந்திருக்கும். எங்கள் வீட்டு மொட்டைமாடியின் கைப்பிடிச் சுவர் என் இடுப்பு உயரம். அது எனக்கு ஏன் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. என்னால் போனஸ் வாங்கி வீடு கட்டியவர்கள் அதே தெருவில் இருக்கிறார்கள், ஒருவரும் வந்து கேட்கவில்லை. வந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். சொல்லியிருக்க மாட்டேன் என்பது அவர்களுக்கும் தெரியும், அதனால் வரவில்லை போலும். ஒயரை உருவினால் மறுபடி அந்த வீடு, அந்த மாத்திரை, அந்தச் சுவர். அவ்வளவுதான் கணக்கு, அதற்கு மேல் விவாதிக்க ஒன்றும் இல்லை.

ஒயர் வைத்த அன்று பொய் சொல்லவில்லை. குப்புறப் போட்டிருந்தார்கள், முகத்துக்குக் கீழே ஓட்டை வைத்த தலையணை, ஓட்டை வழியாகத் தரைதான் தெரிந்தது. முதுகுக்குப் பின்னாலிருந்து டாக்டர் நூர்ஜஹானின் குரல் மட்டும் வந்தது. "இப்ப எங்க குறுகுறுன்னுது ஐயா? இடுப்பா, தொடையா?" தொடை என்றேன். "இப்ப?" ஆடுசதை. "இன்னும் கீழ போகணுமா?" போகணும் என்றேன், இன்னும், இன்னும், அங்கேதான், விரல்ல, விட்டுடாதீங்க, அங்கயே வைங்க. கேட்டதற்குக் கேட்டபடி சொன்னேன், ஒன்றும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. எதிரே முகம் இல்லை, மேசை இல்லை, அதனால்தான். எரிச்சல் இருந்த இடத்தில் எறும்பு ஊர்வது மாதிரி ஒரு குறுகுறுப்பு பரவியது, எறும்புகள் ஊர ஊர எரிச்சல் பின்வாங்கியது. ஊர்வலம் போகிற தெருவில் கடைக்காரன் கதவைச் சாத்திக்கொள்வது போல அது உள்ளே போய் ஒடுங்கியது. போய்விடவில்லை, கதவுக்குப் பின்னால் இருந்தது, இருப்பது தெரிந்தது, ஆனால் தெரு என்னுடையதாக இருந்தது. மறுநாள் கால் தரையில் பட்டதும் சில்லென்றது. சில்லென்று இருக்கிறது என்று எனக்கு நானே சத்தமாகச் சொல்லிக்கொண்டேன். குனியக் கூடாது, முதுகைத் திருப்பக் கூடாது, கையைத் தலைக்கு மேல் தூக்கவே கூடாது, ஒயர் நகர்ந்துவிடும் என்று சின்ன டாக்டர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கையைத் தூக்காதே என்று எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள், அவர்களில் இவர் பேச்சை மட்டும்தான் கேட்டேன். தூங்கும்போதுகூட கையைத் தூக்கவில்லை. அவ்வளவு பயந்து பயந்து காப்பாற்றிய ஒயரை ஒரே சொல்லில் நானே வெட்டிவிட்டேன்.

பக்கத்துக் கட்டில் எத்திராஜ் காலையிலிருந்து என்னைக் கவனித்துக்கொண்டிருக்கிறான். லாரி ஓட்டியவன், சர்க்கரையால் கால் மரத்துப்போய் வந்திருக்கிறான், எனக்கு எரிகிறது, அவனுக்கு ஒன்றுமே தெரிவதில்லை. "இன்னா தலீவரே, மூஞ்சி தொங்கிப்போச்சு, டாக்டரம்மா கோரிக்கைய ஏத்துக்கலையா?" என்றான். சும்மா இரு என்றேன். "நானும் கேட்டேன், சிஸ்டர் சொல்றத. அம்பதுன்னு தெரிஞ்சிருந்தா எழுவதுன்னு சொல்லிருப்ப, இல்ல? இப்பக்கூட சொல்லு. இன்னா, காசா பணமா?" என்று சிரித்தான். அவன் வேடிக்கைக்குச் சொன்னதுதான் என் தொண்டையில் மாட்டிக்கொண்டது. இப்போது சொன்னால் யார் நம்புவார்கள்? நேற்று இருபது, இன்று ஐம்பதுதான் வரம்பு என்று தெரிந்ததும் எழுபதா? நான் அந்தம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் நம்புவேனா? நம்ப மாட்டேன். வரம்பு தெரிந்த பிறகு எண்ணை மாற்றுகிறவன் பேரம் பேசுகிறான் என்று முதல் ஆளாக நானே சொல்லுவேன். நேற்றுச் சொன்ன பொய்யை உண்மை என்று எழுதிக்கொண்டார்கள், இன்று உண்மையைச் சொன்னால் பொய் என்று எழுதிக்கொள்வார்கள். பிரித்துப் பார்த்தாலும் திருப்பிப் பார்த்தாலும் அதே இடத்தில்தான் வந்து நிற்கிறது. சொன்னால் பொய்யன், சொல்லாவிட்டால் ஒயர் இல்லை. பொய்யன் என்று பெயர் வாங்கினாலும் ஒயர் இருக்குமா என்றால் அதற்கும் உத்தரவாதம் இல்லை.

வாலண்டினா காப்பியோடு வந்தாள். விண்வெளிக்கு முதலில் போன சோவியத் பெண்ணின் பெயரை வைத்தேன், நீங்கள் கிறிஸ்தவர்களா என்று கேட்பவர்களுக்கு விளக்கம் சொல்லியே அவளுக்கு வயது நாற்பத்தைந்து ஆகிவிட்டது. விஷயத்தைச் சொன்னேன். சொல்லும்போது டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "இருபதா? யாருக்கு இருபது? நேத்து நீங்க கேன்டீன் வரைக்கும் நடந்து போயி, வடை ஊசிப்போச்சுன்னு அந்த ஆளோட சண்டை போட்டுட்டு வந்தீங்கப்பா. நின்னுகிட்டே சண்டை போட்டீங்க. நீங்க நின்னு நான் எத்தன வருஷமாச்சு பாத்து." அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றேன். "நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை உங்க வாயில வராதா? அம்மா வச்ச குழம்ப என்னைக்காவது நல்லாருக்குன்னு சொல்லிருக்கீங்களா? சொன்னா அவங்க மறுநாள் உப்பைக் குறைச்சிடுவாங்களா என்ன?" எத்திராஜ் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு குலுங்கினான். அவளிடம் மெதுவாகச் சொன்னேன், நீ சொல்லும்மா டாக்டரிடம், நீ பார்த்தாய் அல்லவா, சாட்சி மாதிரி. "நான் எதுக்குச் சொல்லணும்? வலி எனக்கா? நீங்களே சொல்லுங்க. தப்பா சொல்லிட்டேன்னு சொல்லுங்க." தப்பாகச் சொல்லிவிட்டேன். இரண்டே சொல். சங்கப் பொதுக்குழுவில் ஏழு மணி நேரம் என்னை நிற்க வைத்துக் கேட்டபோதும் என் வாயில் வராத சொல். அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள். போகும்போது கண்ணைத் துடைத்தாளா, புடவைத் தலைப்பைச் சரிசெய்தாளா, தெரியவில்லை.

சரி, உண்மையான எண்தான் என்ன? அதையாவது முதலில் எனக்கு நான் சொல்லிக்கொள்ள வேண்டாமா? கண்ணை மூடிக்கொண்டு காலைப் பார்த்தேன். எறும்புகள் ஊர்ந்துகொண்டிருந்தன. கதவுக்குப் பின்னால் அது இருந்தது. எவ்வளவு இருந்தது? பஞ்சப்படி கணக்கிட விலைவாசிப் புள்ளி இருக்கிறது, அரிசி இவ்வளவு, மண்ணெண்ணெய் இவ்வளவு என்று கூட்டி, போன வருஷத்தோடு ஒப்பிட்டு ஒரு புள்ளி சொல்லிவிடலாம். வலிக்கு எதைக் கூட்டுவது? நின்றதைக் கூட்டலாமா, தூங்கியதைக் கூட்டலாமா, மகளை நாயே என்று சொல்லாமல் கழிந்த நாட்களையா? அறுபது என்று தோன்றியது. உடனே, இல்லை, அறுபது என்பதுகூட பயத்தில் வருகிற எண், ஐம்பதுக்கு மேலே இருக்கட்டும் என்று உள்ளே இருக்கிற பேரக்காரன் எடுத்துக் கொடுப்பது என்று தோன்றியது. அப்படியானால் ஐம்பத்தைந்தா? அது அவனுடைய தந்திரத்திலும் தந்திரம், நம்புகிற மாதிரி குறைத்துச் சொல்லச் சொல்கிறான். அவனை விலக்கிவிட்டுக் கேட்கலாம் என்றால், அவனை விலக்கினால் உள்ளே யார் மிச்சம் இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. பிறகு இன்னொரு பயம் வந்தது, இதுதான் எல்லாவற்றையும்விடக் கெட்டது: ஒருவேளை இருபதுதான் உண்மையோ. வேண்டும் வேண்டும் என்று வெறியோடு இருந்ததால் மிச்சத்தை நானே கற்பித்துக்கொண்டேனோ. வேலைநிறுத்தம் வெற்றி, வெற்றி என்று நாமே சுவரில் எழுதி, எழுதியதை நாமே படித்து நம்பியதில்லையா? வேர்த்தது. காலில் எரிச்சல் ஏறியது போல இருந்தது. ஏறியதா, நான் நினைத்ததால் ஏறியதா? பட்டையைத் தொட்டுப் பார்த்தேன், மிஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

டாக்டர் நூர்ஜஹான் வந்தபோது பின்னால் சின்ன டாக்டரும் சிஸ்டரும் இன்னும் இரண்டு பேரும் வந்தார்கள். குள்ளமான அம்மாள், குரல் மட்டும் பெரிது. "என்ன ஐயா, நம்ம மிஷின் உங்ககிட்ட தோத்துப்போச்சாமே?" என்றார். எழுந்து உட்கார்ந்தேன். நேத்து நான் சொன்னது தப்பு என்றேன். எப்படி வந்ததோ வந்துவிட்டது, ஆனால் குரல் மேடைக் குரலாக வந்தது, குற்றம்சாட்டுகிற குரல். "அப்படியா? இன்னிக்கு எவ்வளவு?" அறுபது, என்றேன், அறுபதுக்குக் குறையாது. அறுபதுக்குக் குறையாது! அங்கேயும் பேரம். டாக்டரம்மா சிஸ்டரைப் பார்த்தார். "அம்பதுதான் கணக்குன்னு இவருக்கு யார் சொன்னது?" சிஸ்டர் தட்டில் இருந்த கத்தரிக்கோலை நேராக்கி வைத்தாள். எனக்கு முகம் சுட்டது. "தப்பா நினைக்காதீங்க ஐயா. நீங்க பொய் சொல்றீங்கன்னு நான் சொல்லல. ஆனா பலன் இல்லாத ஆளுக்கு உள்ள வச்சுத் தச்சா, அதை எடுக்க இன்னொரு தடவ வெட்டணும். உங்க வயசுல அது விளையாட்டு இல்ல. ஒண்ணு பண்ணுவோம். இதை நிறுத்திடறேன். மத்தவங்களப் பாத்துட்டு வரேன். அப்ப பேசுவோம்." என் இடுப்பில் கைவைத்து ஒரு பொத்தானை அழுத்தினார். எறும்புகள் நின்றன.

முதலில் ஒன்றும் இல்லை. அதுதான் பயங்கரம், ஒன்றும் இல்லாமல் இருந்தது. ஒன்றும் வராவிட்டால் இருபதுதான் உண்மை என்று ஆகிவிடுமே, வா, சீக்கிரம் வா என்று வலியைக் கூப்பிட்டேன், கூப்பிட்ட நாக்கை அறுக்க வேண்டும். கதவு திறந்தது. பெருவிரலில் ஒரு பொட்டு, பிறகு பாதம், பிறகு ஆடுசதை முழுக்க. டாக்டரம்மா வார்டின் அந்தக் கோடியில் யாருடனோ சாவகாசமாகப் பேசிக்கொண்டிருந்தார். டம்ளர் கழுவித் திரும்பியிருந்த வாலண்டினாவைப் பார்த்து, டினா, அதை அழுத்தும்மா என்றேன். "அவங்க வரட்டும்பா. கொஞ்சம் பொறுத்துக்குங்க." அழுத்து. "இப்ப அழுத்தினா எல்லாம் கெட்டுப்போயிடும்பா, உங்களுக்காகத்தானே." நானே அழுத்தக் கையைக் கொண்டுபோனேன், அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். என்னை இன்ஸ்பெக்டர்கள் பிடித்திருக்கிறார்கள், அடியாட்கள் பிடித்திருக்கிறார்கள், ஒருவர் பிடியும் இப்படி இல்லை. உன்னைப் பெற்றதற்கு என்றேன், அந்த வாக்கியத்தை முடிக்கவும் முடித்தேன், அதை இங்கே திருப்பிச் சொல்ல மாட்டேன். அவள் பிடியை விடவில்லை. எத்திராஜ் எழுந்து உட்கார்ந்து, "இன்னாம்மா இது, ஆளு நீலமா பூடுச்சு, கூப்புடுங்கம்மா அவங்கள" என்று கத்தினான். தொடை. இடுப்பு. இரும்பு முழுக்க ஊற்றியாகிவிட்டது. இப்போது பார்க்கட்டும், இப்போது வந்து பார்க்கட்டும், என்ன நடக்கிறது என்று உலகமே பார்க்கட்டும் என்று நினைத்தேன். செருப்புச் சத்தம் கேட்டது, அவர்கள் எல்லாரும் திரும்பி வந்து கட்டிலைச் சுற்றி நின்றார்கள், சின்ன டாக்டர் பேனா மூடியைக் கடித்துக் கழற்றினார். "இப்ப எப்படி இருக்கு ஐயா?" என்று கேட்டார் டாக்டர் நூர்ஜஹான்.

"பரவாயில்ல" என்றேன். நானா சொன்னேன்? என் வாய்தான். லாக்கப்பில் இரவெல்லாம் அடித்துவிட்டு வலிக்குதா என்று கேட்டவனிடம் சொன்ன அதே பரவாயில்ல, அதே நேரான முதுகு, அதே அசையாத முகம். வாலண்டினா, "ஐயோ, அப்பா" என்றாள். சின்ன டாக்டர் எழுதக் குனிந்தார். என்ன சொல்லித் தடுப்பது என்று தேடினேன், எண் எல்லாம் செலவழிந்துவிட்டது, சொல் எல்லாம் செலவழிந்துவிட்டது, முகம் தன்பாட்டுக்குக் கல்லாக உட்கார்ந்திருந்தது, அதை உடைக்க எனக்குத் தெரியவில்லை. எழுதட்டும் என்று விட்டேன். அந்த அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எதையும் கேட்காமல், யாரிடமும் சொல்லாமல், குனிந்து என் இடுப்பில் அந்தப் பொத்தானை அழுத்தினார். எறும்புகள் வந்தன. தொடையில் முதலில், பிறகு கீழே, வந்துகொண்டே இருந்தன, எரிச்சலின் மேல் ஏறி, அதை மூடி, பாதத்தை மூடி, விரலுக்கு வந்தபோது என் முகத்தில் என்னவோ நடந்தது. அடி வாங்கும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியும். அடி நிற்கும்போது எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாது, அதற்குப் பழக்கமே வந்ததில்லை. வாய் கோணியது. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, மாடு கத்துவது போல, நிறுத்தப் பார்த்தேன், நிற்கவில்லை. வாலண்டினாவின் தோளில் முகத்தை அழுத்திக்கொண்டேன், அங்கேயும் அது வந்துகொண்டே இருந்தது, வார்டே திரும்பிப் பார்த்தது. "மேடம், எவ்வளவுன்னு போடட்டும்?" என்று சின்ன டாக்டர் கேட்பது காதில் விழுந்தது. டாக்டர் நூர்ஜஹான் என் இடுப்புப் பட்டையைச் சரிசெய்தார். பிறகு அந்தப் பெரிய குரலைத் தாழ்த்தி, "ஐயா இப்ப பேசற நிலைமையில இல்லன்னு போடுங்க. ஆபரேஷன் லிஸ்ட்ல இவர் பேரையும் சேத்துடுங்க" என்றார்.